அண்ணனின் முதுகும் செயற்கைத் தட்டும்

அண்ணனின் எம்ஆர்ஐ படத்தில், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டுகளில் (டிஸ்க்) மற்றவை வெளுப்பாகத் தெரிய, நான்காம் ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலிருந்த தட்டு மட்டும் நீர் வற்றிக் கறுத்துச் சப்பையாகக் கிடந்தது. எலும்புகளைத் திருகாணியிட்டு இணைத்துவிடலாம் என்றார் மருத்துவர். இணைத்தால் அந்த இடத்தின் அசைவு நின்று, சுமை அண்டைத் தட்டுகளின் மீது ஏறக்கூடும் என்பதால்தான், அசைவைக் காக்கும்படி பழுதான தட்டுக்குப் பதிலாக வைக்கும் செயற்கைத் தட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

கிழக்கு பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் கரின் பூட்னர்-யான்ஸும் குர்ட் ஷெல்நாக்கும் உருவாக்கிய தட்டு 1984-இல் முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கரின், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வென்றவர். உடல் வளைவதன் அருமையை அறிந்த ஒருவர் இதில் இறங்கியது எனக்கு நெகிழ்ச்சியளிக்கிறது. இரு உலோகத் தகடுகளுக்கிடையே வழுக்கி அசையும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்காலான கருதான் அதன் உயிர். மேம்படுத்தப்பட்ட வடிவத்துக்கு மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2004-இல் அனுமதி தந்தது.

வயிற்றைத் திறந்து, பெரிய இரத்தக் குழாய்களை ஒதுக்கிவிட்டுத்தான் இதைப் பொருத்த வேண்டும் என்பதையும், எலும்பு மெலிந்தவர்களுக்கும் முதுகெலும்பின் பின்புறச் சிறு மூட்டுகள் தேய்ந்தவர்களுக்கும் இது பொருந்தாது என்பதையும் நிதானமாக விளக்கியவர் நாங்கள் பார்த்த இரண்டாவது மருத்துவர். அண்ணனுக்கு அந்த மூட்டுகளும் தேய்ந்திருந்தன. இப்போதைக்குப் பிசியோதெரபியைத் தொடர்கிறார்.