ஜீஸ் பெண்டுக்கு ஆத்தைத் தாண்டி

வாஷிங்டன் போர்ட்ரெய்ட் கேலரில மிஷெல் ஒபாமா படத்துக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தேன், ஏமி ஷெரால்ட் வரைஞ்சது, 2018ல திறந்தாங்க, முகத்தை விட அந்த கவுன்தான் கண்ணை இழுத்துச்சு, வெள்ளைத் துணில அங்கங்க கறுப்பு, பிங்க், மஞ்சள்னு கட்டமும் பட்டையுமா. அந்த கவுன் அலபாமால இருக்கிற ஜீஸ் பெண்ட்ங்கிற ஊரோட க்வில்டை ஞாபகப்படுத்துச்சுன்னு ஷெரால்டே சொல்லியிருக்காங்க. க்வில்ட்னா துண்டுத் துணிங்கள ஒட்டுப்போட்டுத் தைக்கிற கனமான போர்வை. இந்த அக்டோபர்ல அங்க க்வில்ட் திருவிழான்னு கேள்விப்பட்டதும் அலபாமாவுக்கே கிளம்பிட்டேன்.

கேம்டன் பக்கத்துல காரோட ஃபெர்ரில ஏறிட்டா கொஞ்ச நேரத்துல அக்கரை. அலபாமா ஆறு மூணு பக்கமும் வளைச்சுக்கிட்டு ஓடுற ஊர் அது. 1962ல இந்த ஃபெர்ரிய நிறுத்திட்டாங்க, கறுப்பின மக்கள் ஓட்டுரிமைக்கு பதிவு பண்ண ஆத்தைத் தாண்டி வர ஆரம்பிச்ச காலம் அது. திரும்ப ஓடினது 2006ல! கண்ணுக்கு எதிர்ல தெரியுற கரைக்கு 44 வருஷம் ஒரு மணி நேரம் ரோட்டுல சுத்திப் போயிருக்காங்க. தண்ணிய பாத்துட்டே இத நினைச்சப்ப வயித்தெரிச்சலா இருந்துச்சு.

ஊருக்குள்ள எங்க பாத்தாலும் கொடி கட்டி க்வில்ட் தொங்குது, காத்துல ஆடுது. கேக்குற ஆளுக்கெல்லாம் பெட்வேன்னுதான் பேர். மார்க் பெட்வேங்கிறவன் இங்க தோட்டம் வெச்சு இவங்க முன்னோர்கள அடிமையா வெச்சிருந்தவன், அந்தப் பேரேதான் குடும்பப் பேரா நின்னுருச்சு. அதே பேர்தான் இப்ப க்வில்ட் தைச்சவங்க பேரா பெரிய பெரிய மியூசியம் சுவர்லயும் இருக்கு.

ஒரு பாட்டிம்மா தன்னோட 'ஹவுஸ்டாப்' க்வில்டை விரிச்சுக் காட்டினாங்க. நடுவுல ஒரு சின்னத் துண்டு, அதச் சுத்தி பட்டை பட்டையா தைச்சுக்கிட்டே வெளிய வரணும், அவ்வளவுதான் விதி. அளவெடுக்கல, வரைஞ்சு பாக்கல, ஒரு பட்டை கோணலா போனா அடுத்தது அதுக்கு ஏத்த மாதிரி வளையுது. பழைய ஜீன்ஸ் துண்டு ஒண்ணு, முழுக்க வெளுத்துப் போயிருக்கு, பாக்கெட்டைப் பிரிச்செடுத்த இடம் மட்டும் புது ஜீன்ஸ் மாதிரி அடர் நீலம். அந்த நீலச் சதுரத்துல விரல வெச்சுப் பாத்தேன்.

2002ல இந்த க்வில்டுங்க நியூயார்க் விட்னி மியூசியத்துக்குப் போனப்ப விமர்சகர்கள் மத்தீஸ்ங்கிற பிரெஞ்சு ஓவியரோட ஒப்பிட்டாங்க. பாராட்டுதான், ஆனா எனக்கு ஒப்பல. மிசௌரி பெட்வேன்னு ஒரு அம்மா 1942ல புருஷன் செத்ததும் அவர் வேலைக்குப் போட்ட துணிங்கள பிரிச்சு ஒரு க்வில்ட் தைச்சாங்க, அவர நினைச்சுக்கிட்டு அதப் போத்திப் படுக்கணும்னு. அந்த வெளுத்த நிறம் வயல்வேலையும் வெயிலும் கொடுத்தது, இதுல மத்தீஸுக்கு என்ன வேலை?

பாட்டிம்மாகிட்ட அந்த ஜீன்ஸ் யாரோடதுன்னு கேட்டேன். அண்ணனோடதுன்னாங்க, அவர் இப்ப இல்லையாம். பக்கத்துல தொங்கினதுக்கெல்லாம் விலைச்சீட்டு இருந்துச்சு, இதுக்கு இல்ல. நானும் கேக்கல, மடிக்கிறப்ப ஒரு முனைய மட்டும் பிடிச்சுக்கிட்டேன்.