எக்ஸ்டென்ஷன் நின்றுபோனால் உடனே ரிமூவ் அழுத்தாதீர்கள்

பிரவுசர் அப்டேட் ஆன கையோடு என் எக்ஸ்டென்ஷன்களில், அதாவது பிரவுசரில் நாமாகச் சேர்த்துக்கொள்ளும் சின்னச் சின்னக் கருவிகளில், சில நின்றுபோயின. பட்டியலைத் திறந்தால் இவற்றுக்கு இனி ஆதரவு இல்லை என்ற அறிவிப்பும், பக்கத்திலேயே ரிமூவ் பட்டனும் இருக்கும். கை தானாக அந்தப் பட்டனுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். எக்ஸ்டென்ஷன் முடங்கிக் கிடந்தாலும், அதற்குள் நாம் சேர்த்து வைத்ததெல்லாம் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. ரிமூவ் செய்தால்தான் அழியும்.

குரோமில் இது திடீரென்று நடந்ததல்ல. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலும் மேனிஃபெஸ்ட் என்று ஒரு கோப்பு உண்டு. தனக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்பதை பிரவுசரிடம் சொல்வது அதுதான். அதன் மூன்றாம் பதிப்பை 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 ஏற்கத் தொடங்கியது. இரண்டாம் பதிப்பில் நிற்பவற்றுக்கு 2024 ஜூனிலிருந்து எச்சரிக்கை காட்டினார்கள், அப்புறம் படிப்படியாக முடக்கினார்கள். 2025இல் வந்த குரோம் 139ஓடு, நிறுவனங்களுக்கு விட்டுவைத்திருந்த விலக்கும் போனது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தபோது பழைய ஆட்-ஆன்கள் (எக்ஸ்டென்ஷன்களுக்கு அங்கே அந்தப் பெயர்) மொத்தமாகப் போனதைப் பார்த்தவர்களுக்கு இது இரண்டாவது ரவுண்டு.

நின்றுபோனதில் இரண்டு வகை. ஒன்று, எழுதியவர் கைவிட்டுவிட்டது. அதே வேலையை வேறு யாராவது செய்து வைத்திருப்பார்கள். இன்னொன்று, மூன்றாம் பதிப்பின் புதிய விதிகளின்படி பழைய மாதிரி எழுதவே முடியாதது. அதற்கு வரும் மாற்று எதையாவது குறைத்துக்கொண்டுதான் வரும். நம்முடையது எந்த வகை என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் தேடி அலைவது பாதியாகக் குறையும்.

மாற்றைத் தேடும் முன் நான் செய்தது, உள்ளே இருந்ததை வெளியே எடுத்தது. முடக்கிய எக்ஸ்டென்ஷனை மறுபடி ஆன் செய்ய பிரவுசர் கொஞ்ச காலம் இடம் கொடுத்தது. அந்த இடைவெளி இருக்கும்போதே ஒவ்வொன்றின் ஆப்ஷன்ஸ் பக்கத்துக்கும் போய், உள்ளே இருப்பதைக் கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். டேப்களைச் சேமித்து வைக்கும் எக்ஸ்டென்ஷனில் இரண்டு விதமான எக்ஸ்போர்ட் இருந்தது: ஒன்று ஜேசான் (JSON) என்ற, நிரல்கள் படிப்பதற்கான அமைப்பில் ஒரு கோப்பு, மற்றொன்று வரிக்கு ஒரு முகவரியாக வெறும் டெக்ஸ்ட். இரண்டையும் எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. புதிதாகப் போட்ட எக்ஸ்டென்ஷனுக்கு அந்த ஜேசானின் அமைப்பு புரியவில்லை. டெக்ஸ்ட் பட்டியலை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. குழுவாகப் பிரித்து வைத்ததும் தேதிகளும் போய்விட்டன, முகவரி ஒன்றுகூடப் போகவில்லை.

சுருக்கெழுத்தை டைப் செய்தால் முழு வாக்கியமாக விரித்துத் தரும் எக்ஸ்டென்ஷனில் எக்ஸ்போர்ட் பட்டனே கிடையாது. அதன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் டெவலப்பர் டூல்ஸை (பக்கத்தின் உள்ளே இருப்பதைக் காட்டும் பிரவுசர் கருவி) திறந்து, அப்ளிகேஷன் பகுதியில் எக்ஸ்டென்ஷன் ஸ்டோரேஜ் என்பதைப் பார்த்தால், சேமித்த எல்லாம் வரிசையாக நிற்கிறது. அங்கிருந்து காப்பி செய்து ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டேன். அழகான வழி இல்லைதான், ஆனால் பல காலம் சேர்த்த வாக்கியங்கள் கைக்கு வந்தன.

ஆன் செய்யும் வாய்ப்பும் போய்விட்டதா? அப்போதும், பிரவுசர் நம் தரவைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டருக்குள் அந்தந்த எக்ஸ்டென்ஷனின் 32 எழுத்து அடையாளப் பெயரில் அதன் தரவு கிடக்கும். அதைத் திறந்து படிப்பது எல்லோருக்கும் எளிதல்ல. ஆனாலும் முழு ஃபோல்டரையும் காப்பி எடுத்து வைப்பதில் சிரமமில்லை.

இனி மாற்று. விளம்பரத் தடுப்பான் இரண்டாம் வகை. பழைய முறையில், பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோப்பையும் எக்ஸ்டென்ஷனே பார்த்து, உள்ளே விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது. புதிய முறையில் அது விதிப் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும், தடுப்பது பிரவுசரின் வேலை. யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானை எழுதியவரே புதிய முறைக்காக யூபிளாக் ஆரிஜின் லைட் என்று ஒன்றைத் தந்திருக்கிறார். இது அப்டேட் அல்ல, தனி எக்ஸ்டென்ஷன். நாமே எழுதி வைத்த ஃபில்டர்கள் (எதைத் தடுக்க வேண்டும் என்ற விதிகள்) தானாக வந்து சேராது. தடுப்புப் பட்டியல்கள் புதுப்பிக்கப்படுவதும் எக்ஸ்டென்ஷன் அப்டேட் ஆகும்போதுதான். சாதாரணமாகச் செய்தி படிப்பவருக்கு லைட் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. சொந்த ஃபில்டர்களோடு மல்லுக்கட்டுபவர் ஃபயர்ஃபாக்ஸுக்குப் போவதே மேல். அங்கே பழைய முறையை விட்டுவைத்திருக்கிறார்கள், முழு யூபிளாக் ஆரிஜினும் ஓடுகிறது. நான் இரண்டு பிரவுசரையும் வைத்துக்கொண்டேன்.

இணையப் பக்கங்களில் நாம் போடும் சிறு நிரல்களை (யூசர் ஸ்கிரிப்டுகளை) ஓடவிடும் யூசர் ஸ்கிரிப்ட் மேனேஜர்தான் கொஞ்சம் விளையாட்டுக் காட்டியது. அது ஏற்கெனவே புதிய முறைக்கு மாறிவிட்டது, ஸ்கிரிப்டுகளும் பட்டியலில் பத்திரமாக இருந்தன, ஆனால் ஒன்றும் ஓடவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. விஷயம் என்னவென்றால், குரோம் 138 முதல் ஸ்கிரிப்டுகளை ஓடவிட ஒவ்வொரு மேனேஜருக்கும் தனி அனுமதி தேவை. எக்ஸ்டென்ஷனின் டீடெயில்ஸ் பக்கத்தில் கீழே போனால் 'அலோ யூசர் ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டு, திறந்திருந்த பக்கத்தை ரீலோட் செய்ததும் எல்லாம் உயிர் பெற்றன.

சிலவற்றுக்கு மாற்றே தேவைப்படவில்லை. சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்க வைக்கும் வேலையை இப்போது குரோமின் மெமரி சேவரே செய்கிறது. எழுத்தைப் பெரிதாக்குவது மாதிரியான சில்லறை வேலைகளுக்கு ஒரு புக்மார்க்லெட் போதும். புக்மார்க்காகச் சேமித்த ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்தானே, மேனிஃபெஸ்ட் பதிப்பு அதை ஒன்றும் செய்யாது.

புதிதாக எதைப் போடும்போதும் நான் பார்த்தது, அது என்ன அனுமதி கேட்கிறது, கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, இப்போது யார் கையில் இருக்கிறது என்பவற்றைத்தான். கடைசிக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. தி கிரேட் சஸ்பெண்டர் மிகப் பிரபலமான எக்ஸ்டென்ஷன். 2020இல் கைமாறியது, தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. அதனால் எல்லாத் தளங்களையும் படிக்கக் கேட்கும் எக்ஸ்டென்ஷனுக்கு, சைட் ஆக்செஸ் பகுதியில் 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று வைத்துவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் இது சரிவராது. தடுப்பானுக்கு இப்படி வைத்தால், நாம் கிளிக் செய்வதற்குள் பக்கம் முழுக்க வந்து உட்கார்ந்துவிடும்.

புதியது ஒழுங்காக ஓடுகிறது, பழைய தரவும் அதில் திறக்கிறது என்று உறுதியான பிறகே பழையதை ரிமூவ் செய்தேன். அதற்கும் முன்னால், ஒரே கணக்கில் உள்ள கம்ப்யூட்டர்களை ஒன்றுபோல வைக்கும் சிங்க் பகுதியில் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை அணைத்துவிட்டேன். இல்லாவிட்டால் ஒரு கம்ப்யூட்டரில் நீக்கியது, அதே கணக்கில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டரிலும் தரவோடு சேர்ந்து போய்விடும்.