பூஞ்சைக்கு ஷேடு கார்டு தெரியாது

சாயம் என்று வந்துவிட்டால் திருப்பூர்க்காரர் கேட்பது ஒன்றுதான்: "அடுத்த லாட்டுலயும் இதே ஷேடு வருமுங்களா?" லாட் என்றால் ஒரு தடவையில் எடுக்கும் சாயம், ஷேடு என்றால் அதன் நிறச்சாயல். பெருந்துறைப் பக்கம், பூஞ்சையிலிருந்து நிறம் எடுக்கும் ஒரு சின்னக் கூடத்தில் வேலை பார்த்தபோது என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது. இயற்கைச் சாயம்தானா, உடம்புக்கு நல்லதா என்று விசாரித்தவர்கள் துணி வாங்குகிறவர்கள். சாயம் போடுகிற மாஸ்டர்கள் அதைக் கேட்டதே இல்லை.

நாங்கள் வளர்த்தது மொனாஸ்கஸ் பர்பூரியஸ் என்ற பூஞ்சை. சீனத்தில் பல நூற்றாண்டுகளாக இதை அரிசியில் வளர்த்துச் சிவக்க வைக்கிறார்கள். எங்கள் வேலையும் அரிசியில்தான் தொடங்கியது. நொய்யை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஆட்டோகிளேவ் என்ற பெரிய பிரஷர் குக்கரில் 121 டிகிரியில் அவிக்க வேண்டும். குழைந்துவிட்டால் காற்று புகாது. பூஞ்சை மேலாக மட்டும் படர்ந்து நின்றுவிடும். உதிரி உதிரியாக இருந்தால் முதலில் வெள்ளை, பிறகு ஆரஞ்சு, ஒரு வாரம் போல ஆனால் கருஞ்சிவப்பு. வளரும்போது அதுவே சூட்டைக் கிளப்பும். அதற்குப் பிடித்தது 30 டிகிரி. சித்திரை மாதத்து ஈரோட்டு வெயிலோ 40ஐத் தொடும். தட்டுகளைக் கிளறிக் கிளறிச் சூடாற்றியதே பாதி வேலை.

தொட்டியில் திரவமாக வளர்ப்பது வேறு கதை. குளுக்கோஸை அள்ளிப் போட்டால் பூஞ்சை நிறத்தை விட்டுவிட்டுச் சாராயம் காய்ச்சப் போய்விடும். மூடியைத் திறந்ததும் கள்ளு வாசம் அடித்தால் அந்தத் தொட்டியில் கலர் தேறாது என்று பார்க்காமலே சொல்லிவிடுவோம். அளவாகப் போட்டால்தான் நிறம். ராசிபுரம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பியையும் போட்டுப் பார்த்தோம். மலிவு, வளரவும் செய்தது. ஆனால் அந்த நார் வடிகட்டியை அடைத்து உயிரை எடுத்தது.

ஷேடுக்கு வருகிறேன். இந்தப் பூஞ்சை ஒரே நிறத்தைத் தருவதில்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் கலந்தே வரும். ஆரஞ்சு நிறமி அமினோ அமிலத்தோடு சேர்ந்தால் சிவப்பாகும், தண்ணீரிலும் கரையும். அதனால் அமினோ அமில உப்பான மோனோசோடியம் குளூட்டமேட் கொடுத்தால் சிவப்பு தூக்கலாக வரும். அம்மோனியம் உப்பு கொடுத்தால் தொட்டி புளித்து, ஆரஞ்சு அப்படியே தங்கிவிடும். பிஹெச், அதாவது புளிப்பின் அளவு, சற்று நகர்ந்தாலும் லாட் மாறிவிடும். நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மீட்டரில் மஞ்சளை 400, ஆரஞ்சை 470, சிவப்பை 500 நானோமீட்டர் ஒளியில் அளந்து, மஞ்சள் ஏறிய லாட்டைச் சிவப்பு ஏறிய லாட்டோடு கலந்துதான் ஒரே ஷேடுக்குக் கொண்டுவந்தோம். வளர்ப்பதைவிடக் கலப்பதில்தான் எங்கள் திறமை இருந்தது என்பேன். இடையில், நிறத்தைப் பிரித்தெடுக்க ஸ்பிரிட், அதாவது எரிசாராயம், வேண்டும். அதற்கு ஆயத்தீர்வைத் துறை லைசென்ஸ் வாங்க அலைந்ததைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சிறுமுகைப் பட்டு இழை இந்தச் சாயத்தை ஆசையாகப் பிடித்தது. பனியன் துணி அப்படியில்லை. பருத்திக்குக் கடுக்காயும் படிகாரமும் கொடுத்து முன்தயாரிப்பு செய்தாக வேண்டும், அப்படியும் வெயிலில் வெளுத்தது. "பட்டுக்குப் பரவால்லீங்க, பனியனுக்கு ஆகாதுங்க" என்று ஒரு மாஸ்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் சொன்னது சரி.

சாயக் கழிவால் கெட்டுப்போன நொய்யல் ஆற்றுக்கு இந்தப் பூஞ்சைச் சாயம்தான் விமோசனம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 2011இல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது பெரிய தலைவலியே கழிவுநீரில் இருந்த உப்புதான். பட்டுக்குச் சாயமேற்ற அவ்வளவு உப்பு எங்களுக்குத் தேவைப்படவில்லை, உண்மை. ஆனால் தொட்டியைக் கழுவிய தண்ணீரில் சர்க்கரையும் செத்த பூஞ்சையும் நிறைய. அதையும் சுத்திகரிக்காமல் விட முடியாது.

இயற்கை என்றாலே சாப்பிடலாம் என்ற நம்பிக்கை இன்னொன்று. சில மொனாஸ்கஸ் வகைகள் சிட்ரினின் என்ற நஞ்சையும் கூடவே சுரக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்தப் பூஞ்சையால் சிவந்த அரிசியில் செய்யும் சத்து மாத்திரைகளில் சிட்ரினின் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. ஒரு பேக்கரிக்காரர் கேக்குக்குச் சிவப்பு கேட்டு வந்தார். "அரிசியில வளர்த்ததுதானுங்களே, என்னாகப் போகுது?" என்றார். சிட்ரினின் அளவைச் சொல்லும் ஹெச்பிஎல்சி சோதனை ரிப்போர்ட்டைக் காட்டி விளக்கினேன். காபியைக் குடித்துவிட்டுப் பீட்ரூட் பொடி விலையை விசாரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.