மீன் வெந்துவிடும், தூள் சிவக்காது: மொறுமொறு மேற்பூச்சோடு ஓவனில் வெள்ளை மீன்

வெள்ளை மீனின் மேல் பிரெட் தூளும் வாசனை இலைகளும் தூவி ஓவனில் வைத்து எடுப்பது எளிய சமையல்தான். முன்வேலையெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகாது. ஆனாலும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று கெட்டுப்போகிறது. மேலே பொன்னிறமாக வந்தால் உள்ளே மீன் நார்நாராக வறண்டிருக்கும். மீன் பதமாக இருந்தால் மேலே தூள் வெளுத்து, ஈரம் கோத்து, நசநசவென்று ஒட்டிக் கிடக்கும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனான மீன் துண்டு 220 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். வறுக்காத பிரெட் தூள் சிவக்க அந்த நேரம் போதாது. தூளில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, நன்றாகச் சிவக்க வேண்டுமானால் 140 டிகிரிக்கு மேல் ஏறியாக வேண்டும். போதாததற்குக் கீழே மீனிலிருந்து ஆவி வேறு வந்துகொண்டே இருக்கும். அதனால் தூளை வாணலியில் முதலிலேயே வறுத்துவிடுங்கள். இந்தச் சமையலில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

நான்கு பேருக்கான அளவு இது. தலா 160 கிராம் வீதம் நான்கு மீன் துண்டுகள், மீனுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, பிரெட் தூள் 75 கிராம், வெண்ணெய் 30 கிராம், ஒரு சிறிய பூண்டுப் பல், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி 3 டேபிள்ஸ்பூன், தைம் இலை 1 டீஸ்பூன், ஒரு எலுமிச்சையின் தோல் துருவல், மயோனைஸ் 1 டேபிள்ஸ்பூன், டிஜோன் கடுகு விழுது 2 டீஸ்பூன், மிளகுத் தூள் கொஞ்சம்.

மீனைப் பொறுத்தவரை காட், ஹாடாக், ஹேக், ஹாலிபட், கொடுவா, கலவா எல்லாமே நன்றாக வரும். பெயரைவிடத் தடிமன்தான் முக்கியம். தடித்த இடத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் பாருங்கள், 2 முதல் 3 சென்டிமீட்டர் இருந்தால் சரி. சோல், திலேப்பியா போன்ற மெல்லிய துண்டுகள் ஏழெட்டு நிமிடத்திலேயே வெந்துவிடும் என்பதால், அவற்றுக்குத் தூளை இன்னும் ஒரு படி கூடுதலாக வறுக்க வேண்டும். வால் பக்கம் மெலிந்திருந்தால் அதை அடியில் மடித்துவிட்டால் துண்டு முழுக்க ஒரே தடிமனாகிவிடும். காட் வகை மீன்கள் கொழுப்பை ஈரலில் சேர்த்து வைப்பவை, சதையில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. வெந்தது கொஞ்சம் மிஞ்சினாலும் வறண்டுபோவது அதனால்தான். சால்மன் மாதிரி கொழுப்புள்ள மீன் காட்டும் தயவை இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

முள் எடுத்த துண்டு என்று சொல்லி வாங்கினாலும் நடுவில் விரலால் தடவிப் பாருங்கள். ஊசி முள் தட்டுப்பட்டால் சிமிட்டாவால் பிடித்து, தலை இருந்த பக்கமாகச் சாய்த்து இழுங்கள். நேராக மேலே இழுத்தால் சதை கிழியும்.

உறைந்த மீன் என்றால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், சல்லடை வைத்த பாத்திரத்தில் ஓர் இரவு வைத்து இளக்குங்கள். மீன் தன் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கக்கூடாது என்பதற்காகத்தான் சல்லடை. பாக்கெட்டின் பின்புறத்தில் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்று போட்டிருந்தால், அந்த மீன் கூடுதலாகத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, ஓவனில் அதைக் கக்கிவிடும். இந்தச் சமையலுக்கு அது வேண்டாம்.

அடுத்தது உப்பு. பலர் அடுப்பில் ஏற்றும் நேரத்தில்தான் தூவுகிறார்கள், அப்போது தூவினால் பாதிப் பலன்தான். ஒரு டீஸ்பூன் உப்பை நான்கு துண்டுகளின் எல்லாப் பக்கமும் தடவி 20 நிமிடம் வையுங்கள். மேலே சின்னச் சின்ன நீர்முத்துகள் கோத்து நிற்கும். ஓவனில் போய் வெளியேற இருந்த ஈரத்தில் கொஞ்சம் இங்கேயே வந்துவிடும். மேற்பரப்புப் புரதம் உப்பில் இளகுவதால், வேகும்போது பக்கவாட்டில் வெள்ளையாகத் திரண்டு வழிவதும் குறையும். பிறகு கிச்சன் டிஷ்யூவால் அழுத்தி ஒற்றுங்கள். ஒருமுறை ஒற்றி, தாளை மாற்றி மறுபடி ஒற்றுங்கள். தாள் ஒட்டாமல் உலர்ந்து வந்தால்தான் மீன் தயார்.

மீன் உப்பில் இருக்கும் அந்த 20 நிமிடத்தில் தூள் வேலையை முடித்துவிடலாம்.

இரண்டு நாள் பழைய வெள்ளை பிரெட்தான் சிறந்தது. ஓரத்தை நீக்கி, மிக்சியில் விட்டுவிட்டு அடித்தால் அரிசி மணி அளவில் கரகரப்பாக வரும். பிரெட் புதியது என்றால் 120 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் உலர்த்திவிட்டு அடியுங்கள். கடையில் கிடைக்கும் மாவு போன்ற நைசான தூள் இதற்கு உதவாது. அது இடைவெளியே இல்லாமல் படிந்து, வெண்ணெயைக் குடித்துவிட்டு ஈர மணல் மாதிரி ஒரே பாளமாக இறுகிவிடும். கரகரப்பான தூளில் மணிகளுக்கு நடுவே காற்றுப் போக வழி இருக்கிறது, ஆவி வெளியேறும், மொறுமொறுப்பு நிற்கும். பாங்கோ எனப்படும் கரகரப்பான ஜப்பானிய பிரெட் தூள் கிடைத்தால் 50 கிராம் போதும்.

அகலமான வாணலியில் வெண்ணெயை மிதமான தீயில் உருக்கி, நுரை அடங்கியதும் தூளைக் கொட்டிக் கிளறுங்கள். முதல் இரண்டு நிமிடம் தூள் கட்டிகட்டியாக, ஈரமாக, கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். தீயைக் கூட்டிவிடாதீர்கள். மூன்றாவது நிமிடத்தில் கட்டிகள் உடையும். ஐந்தாவது நிமிடத்தில் மணிகள் தனித்தனியாக உருண்டு, வாணலியை அசைத்தால் சரசரவென்று காய்ந்த இலைபோல ஓசை கேட்கும். அந்த ஓசைதான் ஈரம் போனதற்கு அடையாளம். நிறம் வெளிர் பிஸ்கட் நிறத்தில் இருக்கும்போது நறுக்கிய பூண்டைப் போட்டு அரை நிமிடம் கிளறி, உடனே ஒரு தட்டில் கொட்டிப் பரப்புங்கள். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் மேலும் கருகும். மீதி நிறம் ஓவனில் ஏறிக்கொள்ளும். இங்கேயே முழுப் பொன்னிறம் வரவைத்தால் அங்கே கசந்துவிடும். பூண்டைப் பச்சையாகக் கலக்காததற்கும் காரணம் உண்டு, பத்து நிமிடத்தில் அதன் காரநெடி போகாது.

தூள் ஆறிய பிறகே இலைகள். சூட்டோடு கலந்தால் பார்ஸ்லி துவண்டு, பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். கழுவிய இலையை முழுக்க உலர்த்தி, கூரான கத்தியால் நறுக்குங்கள். மழுங்கிய கத்தி இலையை நசுக்கிச் சாறு எடுத்துவிடும், அந்தச் சாறு வறுத்த தூளை மறுபடி ஈரமாக்கும். டில், டாரகன் போடுவதானால் பார்ஸ்லியின் பாதி அளவு போதும், அவை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ரோஸ்மேரி மட்டும் விதிவிலக்கு. அது விறைப்பான இலை, மிகப் பொடியாக நறுக்கி வெண்ணெயிலேயே போட்டு வறுக்க வேண்டும். காய்ந்த இலைகள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. எலுமிச்சைத் தோலில் மஞ்சள் பாகத்தை மட்டும் துருவுங்கள், அடியில் உள்ள வெள்ளை கசக்கும். கால் டீஸ்பூன் உப்பும் மிளகும் சேருங்கள். பார்மேசான் சீஸ் 20 கிராம் சேர்ப்பதானால் இந்த உப்பு வேண்டாம்.

தூள் மீனில் நிற்க ஒரு பசை வேண்டும். மயோனைஸையும் கடுகு விழுதையும் கலந்து, அடியில் மீன் மங்கலாகத் தெரிகிற அளவு மெல்லியதாகப் பூசுங்கள். மயோனைஸில் உள்ள எண்ணெய் மீனின் ஈரத்துக்கும் தூளுக்கும் நடுவே ஒரு தடுப்பாக நிற்கிறது, அதிலுள்ள முட்டை சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. தயிர் பூசச் சொல்லும் குறிப்புகள் உண்டு. தயிர் சூட்டில் நீர் விடும், தூள் கீழிருந்து ஊறிப்போகும். வெறும் வெண்ணெய் உருகி வழிந்துவிடும், தூளும் கூடவே சரியும்.

தூளை மேல்பக்கம் மட்டும், அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு வைத்து உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அதற்கு மேல் குவித்தால் முள்கரண்டி பட்டதும் மொத்தமாக உதிரும். பக்கவாட்டில் ஒட்டினால் அந்தத் தூள் வடியும் நீரில் ஊறும்.

ஓவனை 220 டிகிரிக்கு வையுங்கள், விசிறி உள்ளதென்றால் 200. விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று நம்ப வேண்டாம். அப்போது காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர்கள் இன்னும் ஆகியிருக்காது. முழுதாக 20 நிமிடம் கொடுங்கள். உலோக ட்ரேயையும் உள்ளேயே வைத்துச் சூடாக்கி, பேக்கிங் தாளில் அடுக்கிய மீனைத் தாளோடு அதன்மேல் நகர்த்துங்கள். அடிப்பக்கம் உடனே சூடேறும், கசியும் நீரும் அங்கேயே வற்றும். அந்தத் தாள் எத்தனை டிகிரி தாங்கும் என்று முதலில் பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழமான பீங்கான் பாத்திரம் சூடாக நேரமெடுக்கும், நீரும் அதில் தேங்கும். துண்டுகளுக்கு இடையே மூன்று சென்டிமீட்டர் விடுங்கள். எதைக் கொண்டும் மூடாதீர்கள்.

ட்ரேயை மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். சிறிய மேசை ஓவனில் மேல் கம்பி மிக அருகில் இருக்கும் என்பதால் அதில் நடுத்தட்டே சரி. 2 சென்டிமீட்டர் துண்டுக்கு 8 அல்லது 9 நிமிடம், இரண்டரைக்கு 10 முதல் 12, மூன்றரைக்கு 14 அல்லது 15. ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் 9 நிமிடத்தில் பாருங்கள். அதன் காற்று தூளைப் பறக்கவிடும், அதனால் அதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிடுங்கள்.

வெப்பமானி இருந்தால் பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதிக்குச் செருகுங்கள். 57 டிகிரியில் எடுத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டால் 60-ஐ ஒட்டிப் போய் நிற்கும், சதை ஈரப்பதத்தோடு இதழ்இதழாகப் பிரியும். அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி 63 டிகிரி. கர்ப்பிணிகள், முதியவர்கள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் சாப்பிடுவதானால் அந்த 63 வரை போய்விடுங்கள். வெப்பமானி இல்லையென்றால் கத்தி முனையைத் தடித்த இடத்தில் விட்டு லேசாகத் திருப்பிப் பாருங்கள். இதழ்கள் தயக்கமில்லாமல் விலகி, நடுவில் கண்ணாடித் தன்மை போயிருந்தால் ஆயிற்று. பக்கங்களில் வெள்ளையாக நிறையத் திரண்டு நிற்கிறதென்றால் நேரம் மிஞ்சிவிட்டது.

தூள் இன்னும் வெளிறியிருந்தால் கடைசி ஒரு நிமிடம் கிரில் போடலாம். கதவருகிலேயே நில்லுங்கள், பார்ஸ்லி சில நொடிகளில் கருகும்.

எலுமிச்சைச் சாற்றைச் சாப்பிடும் நேரத்தில் பிழிந்துகொள்வதே நல்லது. முன்னாலேயே ஊற்றினால் மீனின் மேற்பரப்பு வெளுத்து இறுகும், தூளும் ஈரமாகும். சாஸ் இருந்தால் தட்டில் முதலில் ஊற்றி அதன்மேல் மீனை வையுங்கள். அடியில் தக்காளி அடுக்க ஆசைப்பட்டால் தக்காளியை மட்டும் முதலில் 15 நிமிடம் சுட்டு நீரை வற்றவைத்துக்கொள்ளுங்கள்.

இலை கலக்காத வறுத்த தூள் இறுக்கமான டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள், உறைபெட்டியில் ஒரு மாதம் நிற்கும். மீன்மேல் பரப்பியபின் காத்திருக்கக் கூடாது, உடனே ஓவனுக்குப் போக வேண்டும். மிச்சமான துண்டை மறுநாள் 160 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கினால் மேல்பாகம் மறுபடி மொறுமொறுவென்று வரும். மைக்ரோவேவில் வைத்தால் தூள் தொளதொளத்துவிடும்.