தாமிரபரணியில் கனோப் பயணம்: நுகத்தடி தோளில் உட்கார்ந்துவிட்டது

கனோ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகைத் தோளில் சுமக்க, அதன் நடுவில் குறுக்கே போடும் நுகத்தடி ஒருவழியாகச் சரியாகிவிட்டது. கன்னடியன் அணைக்கட்டுக்கு மேலே வடகரையில் படகைக் கரையேற்றி, கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கி, துணைக்கு ஆள் இல்லாமல் அணைக்கட்டுக்குக் கீழே உள்ள தண்ணீர் வரை நடந்து இறக்கினேன். நடுவில் எங்கும் கீழே வைக்கவில்லை. பாபநாசம் அடிவாரத்தில் இறங்கி, இரவுகளைக் கரையில் கழித்து, புன்னைக்காயலில் கடலைத் தொடுவதுதான் திட்டம். அந்தத் திட்டத்தில் என்னைத் தூங்கவிடாமல் அடித்த விஷயம் இந்தத் தூக்கிக் கடக்கும் வேலைதான். ஆகவே இந்தத் தடவை பெரும்பாலும் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். துடுப்பு பிடிப்பது, ஏறும்போது சாயாமல் உட்காருவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

பொதிகையில் பிறந்து கடல் சேரும் வரை ஆறு சுமார் 128 கிலோமீட்டர். மலைமேல் உள்ள பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே படகு என்ற பேச்சுக்கே இடமில்லை. கீழே இறங்கியதும் வரிசையாக எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்னது வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வொன்றிலும் இறங்கித் தூக்கியே ஆக வேண்டும். துடுப்புப் போடத் தெரிந்தவர் யாரும் இந்த ஆற்றில் போகலாம், ஆனால் தூக்கத் தெரிந்தவர்தான் கடல் வரை போய்ச் சேருவார். என் கணக்கு அதுதான்.

கனடாவின் வடக்குக் காட்டாறுகளில் போகிறவர்களின் பயணக் குறிப்புகளைப் படித்துப் படித்துத்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது. வட ஒன்டாரியோவில் மிசினைபி என்று ஒரு ஆறு உண்டு. அதில் தண்டர்ஹவுஸ் அருவிக்கு மேலே கரையேறும் இடத்தைத் தவறவிட்டால் உயிர் மிஞ்சாது. அதனால் அங்கே போகிறவர்கள் திட்டம் போடும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்பதற்கு முன்னால், எந்தக் கரையில், எந்த இடத்தில் ஏறுவது என்பதைக் குறித்துவிடுகிறார்கள். மினசோட்டாவின் எல்லை ஏரிகள் பகுதியில் தூக்கி நடக்கும் தூரத்தை 'ராடு' என்ற அளவில்தான் சொல்லுவார்கள். ஒரு ராடு பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு கனோவின் நீளம். அந்தக் காலத்துத் தோல் வியாபாரப் படகோட்டிகள் 90 பவுண்டு மூட்டை இரண்டை நெற்றிப்பட்டையில் கோத்து, முதுகில் ஏற்றி நடந்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் முதலில் கரையைக் குறி, பிறகு தூரத்தைக் கணக்கிடு என்ற முறை தாமிரபரணிக்கு அப்படியே பொருந்துகிறது.

இப்போது நுகத்தடிக்கு வருகிறேன்.

படகு பதினைந்தடி, 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், பலகைகளைக் கம்பியால் தைத்து, ஓரங்களைப் பிசினால் ஒட்டும் முறையில் கட்டியது. எடை 34 கிலோ. 4 மில்லிமீட்டர் பலகை நம் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் எடை இன்னும் இறங்கியிருக்கும். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 710 இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது. வெட்டி மிஞ்சிய துண்டை வெந்நீர் அடுப்பில் போட்டு நானே கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு ஓரம்கூடப் பிரியவில்லை. கண்ணாடி இழைத் துணி தூத்துக்குடியில் வாங்கினேன். அங்கே ஃபைபர் வல்லம் கட்டுகிறவர்கள் இருப்பதால் நல்ல சரக்கு வெட்டிக் கொடுப்பார்கள். ஆனால் பிசின் விஷயத்தில் கவனம். அவர்கள் சாதாரணமாகத் தருவது பாலியெஸ்டர் பிசின். அது மரத்தைப் பிடிக்காது. எப்பாக்சிதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லி வாங்குங்கள்.

எட்டு இடத்தில் தூக்க வேண்டும் என்றதும் எல்லாரும் சொன்ன யோசனை சக்கர வண்டி. பின்னால் கட்டி இழுத்துப் போகலாமாம். தார் ரோட்டில் இழுக்கலாம், வாய்க்கால் கரையில்கூட இழுத்துவிடலாம். அணைக்கட்டுக்குக் கீழே இறங்கும் இடம் பூராவும் உருண்டைக் கல்லும் பொதபொதவென்ற மணலும் நாணல் கட்டையும். அங்கே சக்கரம் வெறும் சுமை. சுமையைத் தோளுக்கு மாற்றுவது ஒன்றே வழி.

நுகத்தடி என்றால் படகின் நடுவில் குறுக்கே போடும் கட்டைதான். கனடாப் பக்கம் இதற்கு ஆஷ் மரம் போடுவார்கள். நமக்கு எது என்று தெரியாமல் வாகை, வேம்பு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கல்லிடைக்குறிச்சியில் வண்டி வேலை பார்த்துப் பழகிய வயதான ஆசாரி ஒருவரிடம் போய், "அண்ணாச்சி, தோள்ல வைக்கிற மாதிரி ஒரு கட்ட வேணும், கனமும் இருக்கக் கூடாது, ஒடியவும் கூடாது"ன்னு கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "நுகத்துக்கு மஞ்சணத்திய விட்டுட்டு வேற எதத் தேடுதீய? மாட்டுக்கே நோவாம இருந்த மரம்லா அது" என்றார். காய்ந்த கட்டை அவரிடமே இருந்தது. வாங்கி, அவர் பட்டறையிலேயே செதுக்கினோம். கையில் எடுத்தால் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசு. நார் ஓட்டம் பார்த்துச் செதுக்கினால் வளைகிறதே தவிர வெடிப்பு விழவில்லை.

செதுக்குவதைவிட நுணுக்கமான வேலை அதை எந்த இடத்தில் பொருத்துவது என்பது. படகின் நீளத்தில் பாதி என்று அளந்து போட்டால் சரிவராது. இருக்கைகள் ஒரே தூரத்தில் இல்லை. முனைப்பலகையின் எடை இருபுறமும் ஒன்றாக இல்லை. நான் செய்தது இது: ஒரு இரும்புக் குழாயைத் தரையில் போட்டு, அதன்மேல் படகை வைத்து, துடுப்பு, தண்ணீர் இறைக்கும் டப்பா, கயிறு என்று தூக்கும்போது உள்ளே கட்டிவைக்கப்போகிற எல்லாவற்றையும் கட்டிய பிறகு, இரண்டு பக்கமும் தரை தொடாமல் நிற்கும் புள்ளியைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்தேன். கழுத்து வளைவின் மையம் அந்தப் புள்ளிக்கு இரண்டு விரற்கடை முன்னால் வர வேண்டும். அப்போதுதான் பின்பக்கம் கொஞ்சம் கனம் காட்டி முன்முனை உயரும், நடக்கிறவனுக்கு வழி தெரியும். சரியாகப் புள்ளியிலேயே போட்டால் ஒவ்வொரு அடிக்கும் முனை இறங்கி முகத்துக்கு முன் சுவர் மாதிரி நிற்கும். இரண்டு விரற்கடைக்கு மேலே போனால் ஒரு கை எப்போதும் முன்விளிம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கை மரத்துவிடும்.

அடுத்தது தோள்திண்டு. கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சு முதல் தடவை நன்றாக இருக்கும். தண்ணீர் குடித்ததும் அமுங்கிக் கட்டை நேராகத் தோள் எலும்பில் உட்காரும். காயர் மெத்தை செய்கிற இடத்தில் ரப்பர் போட்ட தென்னைநார்த் துண்டு வெட்டித் தருகிறார்கள். அதை இரண்டு கட்டியாக அறுத்து, தார்பாய்த் துணியில் உறை தைத்துப் போட்டேன். நனைந்தாலும் அமுங்குவதில்லை, நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் வடிந்துவிடுகிறது. இரண்டு திண்டுக்கும் இடையே ஏழரை அங்குலம். இது என் கழுத்துக்கு. உங்கள் அளவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குனியும்போது பின்கழுத்தில் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு தட்டுப்படும் பாருங்கள், அதில் கட்டை எந்த நிலையிலும் படக்கூடாது. வளைவை ஆழமாகத் தோண்டுவதைவிடத் திண்டை உயரமாக்குவது நல்லது. தோண்டினால் நடுவில் கட்டை மெலிந்துபோகும். விளிம்பில் பொருத்தியது 304 எவர்சில்வர் போல்ட், கையால் திருகும் விங் நட். துடுப்புப் போடும்போது நுகத்தடியைக் கழற்றிச் சாமானுக்கு அடியில் வைத்துவிடலாம்.

இனி கரை விஷயம். வரைபடத்தில் ஒவ்வொரு அணைக்கட்டிலும் வாய்க்கால் எந்தப் பக்கம் பிரிகிறது என்று குறித்துக்கொண்டு வந்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. நதியுண்ணி வாய்க்கால் வடகரை, கன்னடியன் தென்கரை, அரியநாயகிபுரத்தில் கோடகன் வடகரை, பழவூரில் பாளையங்கால்வாய் தென்கரை, சுத்தமல்லியில் திருநெல்வேலிக் கால்வாய் வடகரை. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பக்கம் மாறி மாறி வருகிறது. தலைமதகு திறந்திருக்கும்போது அந்தப் பக்கம் தண்ணீர் இழுக்கும், மேலே பார்த்தால் அமைதியாகத்தான் தெரியும். ஆகவே மதகு இல்லாத கரையில் ஏறுவது என்று வைத்துக்கொண்டேன்: நதியுண்ணியில் தென்கரை, கன்னடியனில் வடகரை, அப்படியே மாறி மாறி. இதில் ஒரு கஷ்டம் உண்டு. நடக்க வசதியான பாதை வாய்க்கால் கரையில்தான் இருக்கும், எதிர்க்கரையில் முள்ளும் நாணலும். நான் முள்ளை எடுத்துக்கொள்வேன். முள் குத்தினால் பிடுங்கிவிடலாம்.

கோடைமேலழகியான், மருதூர், ஸ்ரீவைகுண்டம் மூன்றிலும் இரண்டு பக்கமும் வாய்க்கால். அங்கே இந்த விதி செல்லாது. மருதூரில் மேலக்காலும் கீழக்காலும் இருபுறமும் இழுக்க, நடுவில் கட்டு நெடுநீளமாக வளைந்து கிடக்கிறது. அங்கெல்லாம் அணைக்கட்டு கண்ணில் படும் முன்பே கரையேறி நீளமாக நடப்பதுதான் முடிவு. வழிந்து விழும் தண்ணீருக்குக் கீழே திரும்பச் சுருட்டும் இடம் எவ்வளவு தண்ணீரிலும் ஆபத்து. அதில் மாட்டிய படகு வெளியே வராது. கீழே கசம் (ஆழமான மடு) எங்கே இருக்கிறது என்று அந்தந்த ஊரில் குளிக்கிறவர்களிடம் கேட்டுத்தான் இறக்க வேண்டும். அவர்களைவிட நல்ல வரைபடம் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தை நம்பவே நம்பாதீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த மழை அது. ஆற்றில் மணல்திட்டு இருந்த இடமும் மரம் நின்ற இடமும் மாறிக் கிடக்கின்றன.

காலம் ஜனவரி, பிப்ரவரி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிசானப் பயிர் வயலில் நிற்கும்போது ஆற்றில் தண்ணீர் ஓடும். கார் பருவத்திலும் ஓடும், ஆனால் அப்போது அடிக்கிற மேல்காற்றில் கவிழ்த்துத் தூக்கிய படகு பட்டமாகிவிடும். ஜனவரியில் காற்று எதிர்முகம், கடல் நெருங்க நெருங்க மதியத்துக்குமேல் இன்னும் கூடும். ஆழ்வார்திருநகரிக்குக் கீழே விடியுமுன் கிளம்பி உச்சிக்குள் முடித்துவிட வேண்டும்.

திருப்புடைமருதூர் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கடனாநதி வந்து சேருமிடத்தில் மருத மரங்கள், அதில் கொக்கும் நாரையும் கூடுகட்டியிருக்கும். 2005இல் பறவைகளுக்கான பாதுகாப்பகமாக அறிவித்த ஊர். ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளை வீட்டுப் பிள்ளைபோல வைத்திருக்கிறார்கள். அங்கே துடுப்பு படகில் இடிக்கிற சத்தம்கூட வரக்கூடாது என்பதற்காகவே விளிம்பில் கயிறு சுற்றியிருக்கிறேன். அங்கே தங்கல் கிடையாது, கடந்து போய் முக்கூடலில்தான் இரவு. குடிதண்ணீரையும் அங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். குறுக்குத்துறையிலிருந்து வண்ணார்பேட்டை தாண்டும்வரை சாக்கடை கலக்கிறது. குறுக்குத்துறை முருகன் கோயிலையும், 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தையும் ஆற்றின் நடுவிலிருந்து பார்க்க எவ்வளவோ ஆசை, ஆனால் அந்த நாற்றம் நெஞ்சை அடைக்கும். இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் அதிலேயே சாக்கடையைக் கலக்க எப்படி மனம் வருகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

சாமானுக்குக் கனடாக்காரர்கள் போடுகிற நீல டிரம் போதும், வளையப் பூட்டு வைத்தது, பழைய டிரம் விற்கிற கடைகளில் கிடைக்கும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டுச் சரக்கு இருந்ததாக இருந்தால் மட்டும் எடுங்கள். அவல், உடன்குடிக் கருப்பட்டி, சுக்குப்பொடி, முதல் நாளைக்குப் புளியோதரை. படுக்கைக்குப் பத்தமடைக் கோரைப்பாய்தான். ஈரம் பட்டாலும் உதறிக் காயப்போட்டால் ஆயிற்று.

இது முடியுமுன்பே அடுத்த படகு மனதில் ஓடுகிறது. சிற்றாற்றில் போக இன்னும் குட்டையாக, பன்னிரண்டடியில், இருபது கிலோவுக்குள் ஒன்று வேண்டும். 4 மில்லிமீட்டர் பலகை கொச்சிப் பக்கம் படகு கட்டுமிடங்களில் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், லாரி வாடகை பகிர்ந்துகொள்ளலாம்.

இப்போதைக்கு மிச்சம் இருப்பது சீவலப்பேரிக்குக் கீழே. சிற்றாறு கலந்தபிறகு மருதூர், முறப்பநாடு, கருங்குளம் வரை அமலைச்செடி (ஆகாயத்தாமரை) எங்கெங்கே அடைத்துக் கிடக்கிறது என்று கரையோரமாக பைக்கில் போய்ப் பார்க்க வேண்டும். அமலைக்குள் துடுப்பு இறங்காது, மூங்கில் கழிதான் ஊன்ற வேண்டும்; அதற்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதும் அங்கே ஆழம் பார்த்தபிறகுதான் தெரியும். பொங்கல் கழிந்து அறுப்புக்கு முன்னால் தண்ணீர் எப்படி விடுகிறார்கள் என்று பார்த்துத் தேதி வைத்துக்கொள்கிறேன்.