சிபேப் கருவியின் நீர்த்தொட்டியைப் பராமரிக்கக் கற்றுக்கொண்ட அனுபவம்

எனக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருப்பது உறக்க ஆய்வில் உறுதியானபோது, தூக்கத்தில் மணிக்குச் சராசரியாக 38 முறை என் மூச்சு நின்றோ வெகுவாகக் குறைந்தோ போகிறது என்று அறிக்கையில் எழுதியிருந்தது. இந்த எண் 5-க்குக் கீழ் இருந்தால் இயல்பு என்றும், 30-ஐத் தொட்டுவிட்டால் கடுமை என்றும் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். மறுவாரமே, தூக்கத்தில் மூச்சு தடைபடாதபடி மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவி வீட்டுக்கு வந்துவிட்டது. மாஸ்க்கை எப்படி மாட்டுவது, பட்டைகளை எவ்வளவு இறுக்குவது என்பதையெல்லாம் அரை மணி நேரம் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர், கருவியின் பக்கவாட்டில் இருந்த நீர்த்தொட்டியைப் பற்றி மட்டும் "இதில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்துக்குள் அடங்காமல் போனவற்றை ஓராண்டுக்கு மேல் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புதிதாகக் கருவி வாங்கியிருப்பவர்கள் அவ்வளவு காலம் சிரமப்பட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொட்டி எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். சிபேப் கருவி அறைக்காற்றை இழுத்து, 4 முதல் 20 சென்டிமீட்டர் உயர நீர்த்தூண் தரும் அளவு அழுத்தத்தில் மூச்சுப்பாதைக்குள் தொடர்ந்து செலுத்துகிறது. தூக்கத்தில் தசைகள் தளர்ந்து தொண்டை மூடிக்கொள்ளாதபடி அந்தக் காற்றே உள்ளிருந்து முட்டுக்கொடுக்கிறது. ஆனால் இரவு முழுவதும் இப்படிப் பாய்ந்துகொண்டிருக்கும் காற்றுக்குத் தேவையான ஈரத்தையும் சூட்டையும் மூக்கின் உட்சவ்வு ஒன்றே கொடுத்துவிட முடிவதில்லை. நான் முதல் மூன்று இரவுகள் தொட்டியில் நீர் ஊற்றாமலே படுத்தேன். விடியற்காலையில் மூக்கு எரிந்தது, எச்சில் விழுங்கக்கூட வலித்தது, மூன்றாம் நாள் மூக்கைச் சிந்தியபோது கைக்குட்டையில் இரத்தக்கறை தெரிந்தது. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட அன்று யோசித்தேன். நான்காம் இரவு நீர் ஊற்றிய பிறகுதான் ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க முடிந்தது.

தொட்டியின் அடியில் உள்ள உலோகத் தகடு கருவியின் சூடேற்றும் தட்டின் மேல் அமர்கிறது. வெதுவெதுப்பான நீரின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்று, ஈரத்தை அள்ளிக்கொண்டு குழாய் வழியாக மாஸ்க்குக்குப் போகிறது. நீர் கொதிப்பதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரவெல்லாம் சூடாக இருந்த நீர்தானே, கிருமி எதுவும் இருக்காது என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த மிதமான சூட்டில் கிருமிகள் சாவதில்லை. பல கிருமிகளுக்கு அது வளர ஏற்ற சூடு.

எங்கள் சமையலறையில் ஆர்.ஓ. சுத்திகரிப்பானிலிருந்து வரும் நீரைத்தான் குடிக்கிறோம். குடிக்கத் தகுந்தது கருவிக்கும் தகும் என்று எண்ணி அதையே ஊற்றிவந்தேன். ஐந்தாம் வாரத்தில் தொட்டியின் அடித்தகட்டில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு வெள்ளைப் படிவு தெரிந்தது. விரலால் தடவினால் சொரசொரவென்றிருந்தது, கழுவினால் போகவில்லை. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருக்கும் கால்சிய, மக்னீசிய உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. ஆர்.ஓ. சுத்திகரிப்பான் உப்பைக் குறைக்கிறதே தவிர முழுவதுமாக நீக்கிவிடுவதில்லை. சிலவற்றில் சுவைக்காகக் கனிமங்களை மறுபடி சேர்க்கவும் செய்கிறார்கள். நான் செய்த இன்னொரு தவறு இந்தப் படிவை விரைவுபடுத்தியது. காலையில் மிச்சமிருக்கும் நீரைக் கொட்டாமல், இரவில் அதன் மேலேயே கோடு வரை நிரப்பி வந்தேன். முந்தைய நாளின் உப்பு அப்படியே இருக்க, புது நீரின் உப்பும் நாள்தோறும் அதனோடு சேர்ந்துகொண்டே போயிற்று.

கருவியோடு வந்த கையேட்டை அப்போதுதான் முழுமையாகப் படித்தேன். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. காய்ச்சிய நீருக்கும் காய்ச்சி வடித்த நீருக்கும் பெயரில் நெருக்கம் இருப்பதால் நம்மில் பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். காய்ச்சுவதால் கிருமிகள் சாகும், ஆனால் கரைந்துள்ள உப்பில் பெரும்பகுதி அந்த நீரிலேயே இருக்கும், நீர் வற்ற வற்ற அடர்த்தியும் கூடும். காய்ச்சி வடிப்பதில் நீர் ஆவியாகப் பிரிந்து, அந்த ஆவி குளிர்ந்து மறுபடி நீராகச் சேர்கிறது. உப்பு பின்னால் நின்றுவிடுகிறது. எப்போதாவது காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோன இரவில், காய்ச்சி நன்றாக ஆறவைத்த நீரை ஊற்றிப் படுத்திருக்கிறேன். மறுநாள் தொட்டியைக் கூடுதல் கவனத்தோடு கழுவிவிடுவேன். அதை வழக்கமாக்கிக்கொள்ளவில்லை.

உப்புப் படிவாவது கண்ணுக்குப் பட்டது. அதைவிட என்னைக் கலங்கவைத்தது இன்னொன்று. நான்கு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தபோது, தொட்டியில் பாதி நீரை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து மூடியைத் திறந்ததும் ஒரு பூஞ்சை வாடை எழுந்தது. மூலைகளில் இளஞ்சிவப்பாக, தொட்டால் வழுக்குகிற ஒரு படலம் படிந்திருந்தது. ஈரமான இடங்களில் இப்படி இளஞ்சிவப்புப் படலம் உண்டாக்குவதில் பேர்போனது செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா. குளியலறை ஓரங்களில் அடிக்கடி தென்படுவதும் அதுதான். என் தொட்டியில் பழைய உப்புப் படிவின் சொரசொரப்பு அந்தப் படலத்துக்கு நல்ல பிடிமானமாக அமைந்துவிட்டது. எவ்வளவு தேய்த்தும் இடுக்குகளில் இருந்தது போகவில்லை. இதன் மேல் தழுவிவரும் காற்றைத்தான் இரவு முழுவதும் அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் வாங்கியிருப்பேன் என்று நினைத்தபோது மனம் பதறியது. அந்தத் தொட்டியை அன்றே ஒதுக்கிவிட்டுப் புதுத் தொட்டி வாங்கினேன். அதன் பிறகு, ஓர் இரவு மட்டும் வெளியே தங்குவதாக இருந்தாலும், தொட்டியைக் காயவைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறேன்.

புதுத் தொட்டி வந்த நாளிலிருந்து இன்றுவரை மாறாத என் காலை வேலை இதுதான். எழுந்ததும் கருவியை அணைத்து மின்இணைப்பைத் துண்டிக்கிறேன். சூடேற்றும் தட்டு ஆறுவதற்குப் பத்து நிமிடமாவது விடுகிறேன், ஏனென்றால் உடனே எடுத்தால் அடித்தகடு கையைச் சுடும். பிறகு தொட்டியைக் கழற்றி, மிச்ச நீர் எவ்வளவு இருந்தாலும் தயங்காமல் கொட்டிவிடுகிறேன். காய்ச்சி வடித்த நீரைக் கொட்ட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். அந்தச் சிக்கனம்தான் என் முதல் தொட்டியைக் கெடுத்தது. ஒருமுறை அலசி, மூடியைத் திறந்தபடி, நேரடி வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் கவிழ்த்து வைக்கிறேன். வெயிலில் காயவைத்தால் நல்லது என்று தோன்றும், ஆனால் அது நாளடைவில் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்து நிறத்தையும் மங்கவைக்கும். மாலைக்குள் தொட்டி முழுவதும் உலர்ந்துவிட வேண்டும் என்பதே இத்தனைக்கும் நோக்கம். உலர்ந்த இடத்தில் அந்தப் படலம் ஊன்றிக்கொள்ள முடியாது.

வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் வாசனையில்லாத மென்மையான பாத்திரச் சோப்பைக் கரைத்து, மிருதுவான துணியால் தொட்டியின் மூலைமுடுக்குகளைத் துடைக்கிறேன். கம்பி நாரும் சொரசொரப்பான ஸ்பாஞ்சும் கூடாது. அவை போடும் கீறல்களில் அழுக்கு தங்கும். உப்பு படிந்ததாகத் தெரிந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்துத் தொட்டியில் ஊற்றி ஊறவிடுகிறேன். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும்போது சிறு குமிழ்கள் எழுவதைக் காணலாம். பிறகு வினிகர் வாடை அறவே போகும்வரை மூன்று நான்கு முறை அலசுகிறேன், ஏனெனில் மிச்சமிருக்கும் வாடை எல்லாம் அன்றிரவு மூக்குக்குத்தான் வந்து சேரும். இதே காரணத்தால்தான் பிளீச்சிங் திரவம், ஆல்கஹால், வாசனை எண்ணெய் எதையும் தொட்டிப் பக்கமே கொண்டுபோவதில்லை. சளி பிடித்திருந்தபோது இரண்டு சொட்டு யூகலிப்டஸ் எண்ணெய் விடச் சொல்லி வீட்டில் அன்போடு வற்புறுத்தினார்கள். ஆவி பிடிப்பது வேறு, எண்ணெய் கலந்த காற்றை எட்டு மணி நேரம் அழுத்தத்தோடு உள்வாங்குவது வேறு என்று எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டேன். ஓசோன் வாயுவால் கருவியைச் சுத்தம் செய்யும் பெட்டிகளையும் நான் நாடவில்லை. அத்தகைய ஓசோன், புறஊதா ஒளிச் சாதனங்கள் தன் ஒப்புதல் பெற்றவை அல்ல என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியில் எச்சரித்தது. குழாயில் தங்கிவிடும் ஓசோன் மூச்சுப்பாதையை உறுத்தும்.

நீர் நிரப்புவதிலும் ஒரு தவறு செய்திருக்கிறேன். அவசரத்தில் ஓரிரவு, தொட்டியைக் கழற்றாமலே மேல்மூடியைத் திறந்து ஊற்றினேன். கோட்டைத் தாண்டிய நீர் காற்று வரும் துளைக்குள் வழிந்து, கருவி உறுமத் தொடங்கியது. நல்ல வேளையாக உடனே மின்இணைப்பைத் துண்டித்தேன். பழுது பார்த்த டெக்னீஷியன், மோட்டாருக்குள் நீர் இறங்கியிருந்தால் கருவியே வீணாகியிருக்கும் என்றார். அதிலிருந்து தொட்டியைத் தனியே எடுத்துப்போய், அதிகபட்ச அளவைக் காட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, வெளிப்புறத்தையும் அடித்தகட்டையும் துணியால் ஒற்றிவிட்டுச் சாயாமல் கொண்டுவந்து பொருத்துகிறேன். தொட்டியில் நீர் இருக்கும்போது கருவியைத் தூக்கி இடம் மாற்றுவதே இல்லை.

குளிர்காலம் வந்தபோது புதிய தொல்லை ஒன்று ஆரம்பித்தது. நள்ளிரவில் குழாய்க்குள் களகளவென்று சத்தம் கேட்கும். சிறிது நேரத்தில் சில்லென்ற நீர்த்துளிகள் மாஸ்க்குக்குள் வந்து முகத்தில் தெறிக்கும். நீரை அதிகம் ஊற்றிவிட்டேன் போலும் என்று எண்ணிப் பாதியாகக் குறைத்தேன், பயனில்லை. காற்றில் எவ்வளவு ஈரம் ஏறுகிறது என்பது பெரிதும் தட்டின் சூட்டைப் பொறுத்தது, தொட்டியில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பொறுத்ததல்ல என்பது பின்னர்தான் புரிந்தது. வெதுவெதுப்பாகக் கிளம்பும் ஈரக்காற்று, குளிர்ந்த குழாயைக் கடக்கும்போது சூடு இழந்து, தாங்க முடியாத ஈரத்தை அங்கேயே நீராக விட்டுவிடுகிறது. ஈரப்பத அளவை 5-லிருந்து 4-க்குக் குறைத்தேன், குழாய்க்குத் துணியுறை போட்டேன், மின்விசிறிக் காற்று குழாயின் மேல் நேராகப் படாதபடி கட்டிலைச் சற்று நகர்த்தினேன். கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே, ஒரு தாழ்வான மேசையில் வைத்தேன். அப்போது குழாயில் கோத்துக்கொள்ளும் நீர் முகத்துக்கு வராமல் தொட்டிப் பக்கம் திரும்பி ஓடுகிறது. உள்ளேயே சூடேறும் கம்பி பதித்த குழாய்களும் கிடைக்கின்றன. என் கருவிக்கு அது பொருந்தாததால் துணியுறையோடு சமாளித்தேன்.

மாஸ்க்கின் மெத்தையைத் தினமும், குழாயை வாரம் ஒருமுறையும் சோப்பு நீரில் கழுவித் தொங்கவிடுகிறேன். காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை பார்த்து, அழுக்கேறியிருந்தால் மாற்றிவிடுகிறேன்.

தொட்டியில் காலையில் மிஞ்சும் நீர், இரவு எப்படிப் போயிற்று என்பதற்கு ஓர் அடையாளம் என்பதையும் பழக்கத்தில் அறிந்தேன். வழக்கமாக எனக்குப் பாதிக்கு மேல் மிஞ்சும். ஒரு வாரம் தொடர்ந்து தொட்டி வறண்டு கிடந்தது, வாயும் காய்ந்திருந்தது. தூக்கத்தில் வாய் திறந்துகொண்டு காற்று வெளியேறியதால், அழுத்தத்தைக் காக்கக் கருவி கூடுதல் காற்றைத் தள்ளியிருக்கிறது. அதனோடு நீரும் போயிருக்கிறது. மருத்துவரிடம் சொன்னபோது வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாற்றினார். தொட்டியில் பழையபடி நீர் மிஞ்சத் தொடங்கியது.

சென்ற மாதம் மறுபடி கசிவின் அளவு கூடியதாகக் கருவியின் திரை காட்டியபோது, முதலில் மாஸ்க்கைத்தான் சந்தேகித்தேன். பட்டைகளை இறுக்கியும் எண் குறையவில்லை. தொட்டிக்கும் கருவிக்கும் நடுவே காதை வைத்துக் கேட்டேன். மெல்லிய சீறல் அங்கிருந்துதான் வந்தது. வாரக் கழுவலின்போது கழற்றிய ரப்பர் வளையத்தை ஓரிடத்தில் மடங்கியபடி மாட்டியிருக்கிறேன். அதைக் கழற்றி, பள்ளத்தில் விரலால் சுற்றிலும் அழுத்திப் பொருத்தி, தொட்டியைக் 'க்ளிக்' என்ற ஓசை கேட்கும்வரை தள்ளினேன். மறுநாள் காலை திரையில் கசிவு பழைய அளவுக்கு இறங்கியிருந்தது, மணிக்கு மூச்சுத்தடை 2 என்று காட்டியது.