பாதை ஓடாத நாளில் ரோமியோ

கனடாவில் இருக்கும் அக்காவின் மகள் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். அவர்கள் இருக்கும் மாகாணத்தில் உயர்பள்ளி ஒன்பதிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், மகள் பல்கலைக்கழகம் புகுந்துவிட்டதைப் போலத்தான் அக்கா அதனை எங்களுக்கு அறிவித்திருந்தாள். நேற்று இரவு எட்டு மணிக்கு, அதாவது அவர்களுக்குச் சனிக்கிழமை காலை பத்தரைக்கு, மருமகளிடமிருந்து அழைப்பு வந்தது. ஆங்கில வகுப்பில் ரோமியோ ஜூலியற் நாடகத்தைப் படித்து முடித்துவிட்டார்களாம். அந்த இருவரும் இறந்ததற்கு யார் பொறுப்பு என்று ஐந்து பந்திகளில் கட்டுரை எழுத வேண்டுமாம். முதற் பந்தியிலேயே குற்றவாளி இன்னார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, நடுவிலுள்ள மூன்று பந்திகளிலும் நாடக வரிகளைச் சான்றாகக் காட்டி அதனை நிறுவ வேண்டுமாம்.

நாங்கள் இங்கே இலங்கையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த ஆங்கிலத்தில் யார்மீதும் குற்றம் சாட்டியதில்லை. ராஜா கடிதம் எழுதினான் என்பதைக் கடிதம் ராஜாவால் எழுதப்பட்டது என்று மாற்றியதோடும், வெளிநாட்டில் இருக்கும் நண்பனுக்கு ஊர்த் திருவிழாவை விபரித்து மடல் வரைந்ததோடும் எங்கள் கல்வி நிறைவு பெற்றது. அப்போது எனக்கு வெளிநாட்டில் ஒரு நண்பனும் இருக்கவில்லை. இப்போது வகுப்பில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள். திருவிழா எப்படி நடந்தது என்று ஒருவனும் கேட்பதில்லை.

ஆனாலும் ரோமியோவை எனக்குத் தெரியும் என்று சொன்னேன். ஆங்கில தினப் போட்டியில் நான்தான் ரோமியோ. இரண்டு மேசைகளை அடுக்கிய மாடத்தில் நின்று ஜூலியற் 'வெயர்ஃபோர்' என்று கேட்கும்போதெல்லாம், நான் ஒளிந்திருக்கும் வாழை மரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி 'இங்கே இருக்கிறேன்' என்பதுபோல் கையசைக்க வேண்டும் என்று எங்களைப் பழக்கிய ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மருமகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்கு 'எங்கே' என்பது பொருளல்ல, 'ஏன்' என்பதே பொருள் என்றாள். பகை வீட்டுப் பெயரோடு ஏன் பிறந்தாய் என்றுதான் அந்தப் பிள்ளை தனக்குள் ஏங்கியிருக்கிறாள். அவன் அங்கே நிற்பதே அவளுக்குத் தெரியாது. முப்பது வருடங்களாக நான் வீணே தலையை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்களுக்குப் பரிசு கிடைக்காத காரணமும் நேற்றுத்தான் விளங்கியது.

இதற்குள் அம்மா கதையைக் கேட்டு, பதினான்கு வயதுகூட நிரம்பாத பிள்ளைக்குக் கல்யாணம் பேசிய பெற்றோரே குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். சாய்மனைக் கதிரையில் அரைத் தூக்கத்தில் கிடந்த அப்பாவோ, 'கடிதம்' என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்தார். குருமண்வெளித் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, மட்டக்களப்பு வாவியின் மறுகரையிலுள்ள மண்டூர்ப் பக்கம் கடிதம் கொண்டுபோன தபால்காரர் அல்லவா? ஜூலியற் நாற்பத்திரண்டு மணி நேரம் செத்தவள்போல் கிடப்பதற்கு மருந்து குடித்ததும், அதனை விளக்கித் துறவி எழுதிய கடிதம் ரோமியோவின் கையில் சேராததும், சேர்ந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள் என்பதும் தெரிந்தபோது அவருக்கு வந்த கோபத்தை நான் வேறெந்த வழக்கிலும் கண்டதில்லை.

“கொண்டுபோனவன்தான் குற்றவாளி. எழுது மனே!”

மருமகளுக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி. வகுப்பில் வேறு யாரும் தொடாத குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அவள் தட்டச்சுச் செய்யும் ஓசை இங்கே எங்களுக்குக் கேட்டது. முதற் பந்தி முடிகிற நேரத்தில், கடிதம் ஏன் போகவில்லை என்று அப்பா கேட்டார். கொள்ளைநோய் கண்ட வீடு என்ற ஐயத்தில், கொண்டுபோன இன்னொரு துறவியை உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிட்டார்கள் என்று அவள் படித்துச் சொன்னாள்.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. 1990 இல் பல வாரங்கள் பாதை ஓடாதிருந்தபோது, மறுகரையான படுவான்கரைக்குப் போக வேண்டிய கடிதங்களை ஓர் அரிசிப் பையில் கட்டி, அவர் எங்கள் வீட்டுப் பரணில் வைத்திருந்தார். மழை பெய்தால் எங்களுக்கு முன்பு அந்தப் பைக்குத்தான் பாய் போர்த்துவார். பாதை ஓடத் தொடங்கியதும் கொண்டுபோய்க் கொடுத்தவற்றில், பெற்றுக்கொள்ள ஆளில்லாமல் திரும்பி வந்தவையும் இருந்தன.

“வழியை மறித்தால் அவன் என்ன செய்வான், பாவம். அதை அழித்துப் போடு மனே.”

மருமகள் அழாக்குறையாக, வேறு குற்றவாளியைத் தாருங்கள் அம்மப்பா என்றாள். அப்பா ஒருவரையும் தரவில்லை. அந்தக் கடிதம் கடைசியில் என்ன ஆனது என்பது மட்டுமே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் பக்கங்களைப் புரட்டி ஐந்தாம் அங்கத்தில் கண்டுபிடித்தாள்: அவன் அதனை எழுதிய துறவியிடமே கொண்டுவந்து, அனுப்ப முடியவில்லை, இதோ இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

“பிரிக்காமலா?”

பிரித்ததாக எழுதவில்லை என்றாள்.

அப்பா தலையை ஆட்டிவிட்டு மீண்டும் கதிரையில் சாய்ந்துகொண்டார்.